காட்சி ஏழு

காட்சி ஏழு. வெளிப்புறம். கடற்கரை. விடியல்.
எழுதும்போது கடல் எனக்கு
மூன்றெழுத்துத்தான்.
தில்லியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதை
பவ்னீத்தான் நினைவூட்டினான்,
கேமரா பையைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி.

கையிருப்பு பதினோராயிரத்து நானூறு.
ஐந்து பேர் ரயிலேறி மும்பை போனால்
மிச்சத்தில் வடாபாவ் சாப்பிடலாம்,
படம் எடுக்க முடியாது.

சஞ்சய் ஏரியில் வாத்து வடிவ மிதிபடகுகள்.
எந்தக் கோணத்தில் வைத்தாலும்
ஒரு மஞ்சள் மூக்கு உள்ளே வந்துவிடுகிறது.
ஹௌஸ் காஸில் தண்ணீரைச் சுற்றிக் காதலர்கள்,
காதலர்களைச் சுற்றிக் காவலர்கள்.
பறவைகள் சரணாலயத்தில் மூன்று படிவங்கள்;
மூன்றாவதில்
‘நடிக்கும் விலங்குகளின் எண்ணிக்கை’ என்றொரு கட்டம்.
சுழியம் போட்டேன்.
அப்படியும் தரவில்லை.

பிறகு நவம்பர் வந்தது.
காளிந்தி குஞ்ச் தடுப்பணைக்குக் கீழே
யமுனை நுரைத்துக் கிடந்தது,
எந்த ஆலையின் எந்தச் சோப்போ,
இடுப்பளவுக்கு, வெள்ளை வெளேரென்று.
மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அலை.
கையை எடுத்தால் யமுனை.

காற்றின் தரம் நானூற்று முப்பது என்றது கைப்பேசி.
புகைமூட்டத்தில் அக்கரையே இல்லை.
அக்கரை இல்லாத ஆறு
என்ன பெயர் வைத்தாலும் வாங்கிக்கொள்ளும்.
இடப்பக்கம் மின்கோபுரத்தை வெட்டினோம்,
வலப்பக்கம் பாலத்தை வெட்டினோம்.
நடுவில் எஞ்சியது
நாற்பதடி அகல வங்காள விரிகுடா.

மணலுக்கு மதன்பூர் காதரில் ஒரு கட்டடச் சாமான் கடை.
ஆறு மூட்டை, வாடகைக்கு.
“மணலை யாராவது வாடகைக்கு எடுப்பார்களா?”
கேட்டுக்கொண்டே எடை போட்டார் கடைக்காரர்.
அலைச்சத்தத்துக்கு
பின்னிரவு மூன்று மணி ரிங் ரோடு.
பாலத்தடியில் மைக்கோடு நின்றான் தெபோஜித்.
லாரிகள் தூரத்தில் திரண்டு, உயர்ந்து,
உடைந்து, பின்வாங்கின.

பைக்கில் வந்த காவலரிடம்
காலேஜ் ப்ராஜெக்ட் என்றோம்.
ஹீரோ யார் என்றார்.
அப்படி யாரும் இல்லை என்றோம்.
பரிதாபப்பட்டுப் போய்விட்டார்.

ஷகுஃப்தா நுரைக்குள் கால் வைக்க வேண்டும்.
ஒரே வசனம்: “இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கு.”
நான்காவது டேக்கில் கால் அரிக்கத் தொடங்கியது.
முகத்தில் ஒரு தவிப்பு வந்தது,
மூன்று மாதம் எழுதியும் எனக்கு வராதது.
ஓகே என்று கத்தினேன்,
பிறகுதான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
இந்த வரிசையை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இருநூறு ரூபாய்க்குப் படகை முன்னும் பின்னும் ஓட்டி
நுரையைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்த
ராம்சஜீவன்
இறங்கி வந்து மானிட்டருக்குள் குனிந்தார்.
இது எந்த இடம் என்றார்.
கடல் என்றேன்.
பார்த்ததில்லை என்றார்,
இவ்வளவு நேரம் அதில் அலை செய்தவர்.
கயிற்றில் காந்தம் கட்டி
ஆற்றடியில் காசு துழாவும் விரலால்
திரையின் மேல் மூலையைத் தொட்டார்.
புகைக்குள் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.
நாங்கள் யாரும் கவனிக்காதது.
“எங்க வீட்டு அடுப்பு. எழுந்துட்டா.”

எடிட்டில் ஒரு நிமிட வேலை,
அழித்துவிடலாம் என்றான் பவ்னீத்.
ஒரு கரையையே அழித்தவர்களுக்கு
புள்ளி எம்மாத்திரம்.
இருக்கட்டும் என்றேன்,
ஏனென்று கேட்டதற்குப் பதில் இல்லை.

திரையிட்ட அன்று பேராசிரியர்
ஒன்பது குறை சொன்னார், ஒன்பதும் சரி.
எழுந்து போகும்போது கேட்டார்:
தூரத்தில் அந்த மீன்படகு விளக்கு,
அதற்கு எவ்வளவு ஆச்சு?

கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
படகு இருநூறு.
மணல் அறுநூறு.
ஈரத்தோடு திரும்பிய மூட்டைகள்
தலைக்கு நாலு கிலோ கூடியிருந்ததால்
கடைக்காரர் குழம்பித் தந்த நாற்பது ரூபாய், வரவில்.
அடுப்புக்கென்று
எதுவும் எழுதியிருக்கவில்லை.